இந்த வாரச் சொல்: கிரேட்ஃபுல் - துறைமுக கிளார்க் ராமானுஜன் எங்கே எழுதினார், எங்கே எழுதவில்லை?

கன்டெய்னர் யார்டு, கிளியரிங் ஏஜென்சி, ஷிப்பிங் கம்பெனி... டிகிரி முடித்த வடசென்னைப் பிள்ளைகள் பலர் முதலில் விண்ணப்பம் போடும் இடங்கள் இவை. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் அப்படி ஒரு கடிதத்தை டைப் செய்துகொண்டிருப்பார். கடைசி வரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 'இந்த வேலையைக் கொடுத்தால் உங்களுக்கு என்றென்றும் கிரேட்ஃபுல்லாக இருப்பேன்.'

அந்த ஒரு சொல்லில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்பெல்லிங். அது சின்ன சிக்கல். மற்றொன்று, அந்தச் சொல்லை எங்கே போடுவது, எங்கே போடாமல் விடுவது என்பது. அது கொஞ்சம் பெரியது.

சின்னதை முதலில் முடித்துவிடலாம். 'பெரிய' என்ற அர்த்தத்தில் வரும் கிரேட் வேறு, இது வேறு. ஜி, ஆர், ஏ, டி, இ என்று எழுதி, பிறகு எஃப், யூ, எல். கடைசியில் ஒரே ஒரு எல்தான். தேங்காய் துருவுவதற்கும் இங்கிலீஷில் இதே ஐந்து எழுத்துகள்தான். ஆனால் தேங்காய்க்கும் நன்றிக்கும் சம்பந்தமில்லை. 'கிராட்டுஸ்' என்று ஒரு லத்தீன் சொல் உண்டு. இனிமையான, நன்றியுள்ள என்று பொருள். அதன் வழியாக வந்த பழைய சொல் இது. நாம் தினமும் சொல்லும் 'கங்கிராட்ஸ்'கூட அதே வம்சம். இலவசம் என்று பொருள்படும் 'கிராட்டிஸ்' இன்னொரு வாரிசு. திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த மூன்றாவது வாரிசு ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஒரே 'க்கு', இரண்டு சொற்கள்

தமிழில் 'உங்களுக்கு நன்றி' என்கிறோம். 'உதவிக்கு நன்றி' என்றும் சொல்கிறோம். ஆளுக்கும் 'க்கு'தான், காரியத்துக்கும் 'க்கு'தான். இங்கிலீஷ் இதை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. ஆள் என்றால் 'டு', காரியம் என்றால் 'ஃபார்'. 'ஐ ஆம் கிரேட்ஃபுல் டு யூ ஃபார் யுவர் ஹெல்ப்.' நம் ஆட்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு இலக்கணம் படிக்காதது காரணமில்லை. தாய்மொழியில் ஒரே உருபு இரண்டு வேலையையும் செய்து பழகிவிட்டது, அவ்வளவுதான். 'யாருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் 'டு'. 'எதற்கு?' என்று கேட்டால் பதில் வருகிறதா, அப்போது 'ஃபார்'.

அடுத்தது கிரேட்ஃபுல்லுக்கும் தேங்க்ஃபுல்லுக்கும் உள்ள வித்தியாசம். அகராதியில் இரண்டுக்கும் 'நன்றியுள்ள' என்றுதான் போட்டிருக்கும். பேச்சில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் காதில் விழும் ஓசை வேறு. ஒரு மனிதர் மெனக்கெட்டு நமக்கு ஒன்றைச் செய்தால், அவரிடம் நாம் கிரேட்ஃபுல். நல்லவேளையாக ஒன்று நடந்தது அல்லது நடக்காமல் போனது என்றால், அந்த நிம்மதியோடு நாம் தேங்க்ஃபுல்.

எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள் என்றால், அது தேங்க்ஃபுல். மார்பளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு வந்து வயதான அம்மாவை ஏற்றிப்போன பையனிடம் இருப்பது கிரேட்ஃபுல். அதே வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் வந்து படிந்தது. வலை, படகு, சதுப்பு மரம் எல்லாம் கறுத்தன. மீனவர்களே படகில் போய் மக்கிலும் பக்கெட்டிலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். பிறகு நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. அதை வாங்குகிறவர் எழுதும் கடிதத்தில் இந்த இரண்டு சொற்களில் எதைப் போடுவது?

இரண்டையும் போட வேண்டியதில்லை. 'தொகை கிடைத்தது' என்று ஒப்புக்கொண்டால் போதும். 'அக்னாலெட்ஜ்' என்று அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. நன்றி என்பது, கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர் கொடுக்கும்போது வருவது. நட்டத்துக்கு ஈடு அந்தக் கணக்கில் சேராது. இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல்தான் நம் ஊரில் பல மனுக்கள் கேட்கும்போதே கும்பிட்டுக்கொண்டு நிற்கின்றன.

மாதம் 30 ரூபாய் கிளார்க்

இந்தச் சொல்லை எப்படிக் கையாளலாம் என்பதற்கு வடசென்னைத் துறைமுகத்திலேயே ஒரு நல்ல வாத்தியார் இருந்திருக்கிறார். கணக்கு மேதை சீனிவாச ராமானுஜன்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது பலரும் கும்பகோணத்திலிருந்து நேராக கேம்பிரிட்ஜுக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் அவர் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் ஊழியராக இருந்ததை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். 1912-ல் அவருக்கு 24 வயது. எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கல்யாணமாகியிருந்தது. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்துவந்தார். வேலை எதுவும் செய்யாமல் இன்னொருவர் பணத்தில் நெடுநாள் இருப்பது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 பிப்ரவரி 9-ம் தேதி, போர்ட் டிரஸ்டில் காலியாக இருந்த கிளார்க் பதவிக்கு விண்ணப்பம் எழுதினார். மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். ராவ் கொடுத்ததைவிட ஐந்து ரூபாய்தான் அதிகம். ஆனால் அது உழைத்து வாங்கியது.

அந்த விண்ணப்பம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நாலைந்து வாக்கியம்தான் இருக்கும். அந்தக் காலத்து வழக்கப்படி 'பெக்' என்ற சொல் அதில் மூன்று முறை வருகிறது. விண்ணப்பிக்க 'பெக்', பதவியைத் தரும்படி கேட்க 'பெக்', தங்கள் பணிவுள்ள ஊழியன் என்று முடிக்க ஒரு 'பெக்'. பிச்சை கேட்பது என்று நேர்ப்பொருள் எடுத்துக்கொண்டு பதற வேண்டாம். பிரிட்டிஷ் ஆபீஸ் கடிதங்களில் அது வெறும் அச்சு வார்த்தை. நாம் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுகிற மாதிரி.

கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கடிதத்தில் கிரேட்ஃபுல் இல்லை. வேலை கொடுத்தால் ஆயுள் முழுக்க நன்றிக்கடன் பட்டிருப்பேன் என்று ஒரு வரியும் இல்லை. படிப்பு ஏன் நின்றது என்று சுருக்கமாகச் சொல்கிறார். நேரம் முழுவதையும் கணக்குக்கே கொடுத்துவருவதாகச் சொல்கிறார். பிறகு, இந்த வேலைக்கு நியாயம் செய்ய முடியும் என்ற நம்பிக்கை தனக்கு நிறையவே இருப்பதாக எழுதுகிறார். வேலை கேட்டு எழுதுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான வாக்கியம் அதுதான். இன்றைய விண்ணப்பங்களில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

சேர்ந்த இடம் அவருக்கு நல்ல இடமாக அமைந்தது. தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். இரவுகளில் ராமானுஜனோடு சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் எஞ்சினீயர். இந்த கிளார்க்குக்காகப் பெரிய இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். இந்த இருவரும் செய்தது வேலையின் கணக்கில் வராதது. கிரேட்ஃபுல் என்ற சொல்லுக்கு உரிய ஆட்கள் இவர்கள்.

'கிராட்டிஃபைட்' என்று ஒரு தம்பி

1913 ஜனவரி 16. ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். தொடக்கமே, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் ஒரு கிளார்க் என்ற அறிமுகம்தான். வயது சுமார் 23 என்று போடுகிறார். உண்மையில் 25 முடிந்திருந்தது. எண்களோடு விளையாடியவருக்கு அந்த இரண்டு எப்படி விட்டுப்போனதோ! உங்கள் ஆலோசனையை மிக உயர்வாக மதிப்பேன் என்கிறார். தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கக் கேட்டுக்கொள்கிறார். இங்கேயும் கிரேட்ஃபுல் இல்லை. ஹார்டி இன்னும் எதுவும் செய்யவில்லையே!

பிப்ரவரி 8-ம் தேதி ஹார்டி பதில் எழுதினார். அதைப் படித்துவிட்டு, பிப்ரவரி 27-ம் தேதி ராமானுஜன் எழுதிய மறுகடிதத்தின் தொடக்கத்தில் ஒரு சொல் வருகிறது. 'கிராட்டிஃபைட்'.

கிரேட்ஃபுல்லுக்கு இது கூடப்பிறந்த தம்பி. ஆனால் குணம் வேறு. ஒன்று நடந்ததில் என் மனம் நிறைந்தது, எனக்குத் திருப்தி என்றால் கிராட்டிஃபைட். அந்த நிறைவுக்குக் காரணமான ஆளை நோக்கித் திரும்பினால் கிரேட்ஃபுல். பரீட்சை ரிசல்ட் பார்த்த வாத்தியார் கிராட்டிஃபைட். பாஸான பையன் வாத்தியாரிடம் கிரேட்ஃபுல். ராமானுஜன் அந்தக் கடிதத்தில் கும்பிடவில்லை, மகிழ்ந்தார். இத்தனை நாள் தன் உழைப்பை யாரும் பொருட்படுத்தாமல் இருந்து, கடைசியில் ஒருவர் அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறார். அந்த நிறைவுக்கு 'கிராட்டிஃபைட்' சரியாகப் பொருந்துகிற சொல்.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறார். தான் பாதிப் பட்டினி கிடக்கும் ஆள், மூளையைக் காப்பாற்றச் சோறு வேண்டும், அதுதான் இப்போது முதல் கவலை. உங்களிடமிருந்து ஓர் ஆதரவான கடிதம் வந்தால், இங்கே உதவித்தொகை வாங்க அது பயன்படும். உதவி கேட்கிறார். என்ன உதவி, எதற்கு என்று நேராகச் சொல்கிறார். 'தயவுசெய்து ஆவன செய்யவும்' என்ற மழுப்பலுக்கே இடமில்லை. அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ம் தேதி, 'நெவாசா' என்ற கப்பலில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இங்கிலாந்துக்குக் கிளம்பினார். தான் வேலை பார்த்த துறைமுகத்தில் அவர் அன்று பயணி.

ஒரு முறை

சரி, ராமானுஜன் இந்தச் சொல்லை எழுதவே இல்லையா? எழுதினார். 1919 ஜனவரி 11-ம் தேதி. இங்கிலாந்தில் உடம்பு முடியாமல் இருந்த காலம். அதற்குள் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆகிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. அதற்கு அவர் எழுதிய பதிலின் முதல் வாக்கியத்தில் 'கிரேட்ஃபுல்லி' வருகிறது. நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று.

அடுத்த வாக்கியத்தில் 'ஹவ்எவர்' என்று ஒரு சொல். 'ஆனாலும்'. இந்தப் பணம் தன் தேவைக்கு மிக அதிகம் என்கிறார். இங்கிலாந்துச் செலவு போக, ஆண்டுக்கு 50 பவுண்டு அப்பா அம்மாவுக்குப் போகட்டும். தன் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்குக் கொடுத்துவிடுங்கள், குறிப்பாக ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, பள்ளிகளில் புத்தகம் வாங்க.

ஆறு வருடத்துக்கு முன்பு சோறு வேண்டும் என்று எழுதிய அதே கை. கட்டணச் சிக்கலில் தானே தவித்த மாணவன் எழுதியது என்று தெரிந்து படித்தால், அந்த 'கிரேட்ஃபுல்லி'யின் எடை புரியும். அதை எழுதி ஒன்றேகால் வருடத்தில், 1920 ஏப்ரல் 26-ம் தேதி, சேத்துப்பட்டில் அவர் காலமானார். வயது 32.

இந்தக் கடிதங்களில் பலவற்றைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வடசென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் பி.கே.சீனிவாசன். 1960-களின் பிற்பகுதியில் அந்தப் பள்ளியின் பெயரிலேயே ராமானுஜன் நினைவு மலர் வெளிவந்தது. ராமானுஜனுக்கென்று ஓர் அருங்காட்சியகம் 1993-ல் தொடங்கப்பட்டதும் அவர் முயற்சியால்தான். எங்கே? ராயபுரத்தில், ஒரு சின்னத் தெருவில்.

மூன்றாவது வாரிசு

கடைசியில் சொல்வதாக விட்டுவைத்த சொல், 'கிராஜுவிட்டி'. அதுவும் 'கிராட்டுஸ்' குடும்பம்தான். இங்கிலீஷில் முதலில் அதற்குப் பொருள், மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு. ஓட்டலில் வைக்கும் டிப்ஸுக்குக்கூட அந்தப் பெயர் உண்டு. தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவருக்கு, முதலாளி விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிட்டால் இல்லை என்றிருந்த காலத்தின் சொல் அது. தமிழிலும் 'பணிக்கொடை' என்று 'கொடை'யாகவே மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டம் அந்தச் சொல்லின் உள்ளே இருந்த சரக்கை மாற்றிவிட்டது. தொழிற்சாலை, துறைமுகம், தோட்டம், சுரங்கம் எல்லாம் அதில் வந்தன. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் கூலி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்துக்கொண்டு கணக்கு. கடைசி மாதம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய், 20 வருட சர்வீஸ் என்றால், ஒரு வருடத்துக்கு 15,000. மொத்தம் 3 லட்சம். ஊழியர் இறந்துவிட்டால், அல்லது வேலை செய்ய முடியாதபடி ஊனமாகிவிட்டால், ஐந்து வருட நிபந்தனையும் இல்லை. தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

பெயர் மட்டும் பழையபடி அன்பளிப்பு. விஷயம் சட்டப்படி சேர வேண்டிய பணம். இந்தப் பெயர்க் குழப்பம் சில வீடுகளில் இன்னும் தீரவில்லை. ரிட்டயர் ஆன அப்பா, வர வேண்டிய பணத்தைக் கேட்டு கம்பெனிக்கு எழுதச் சொன்னால், பிள்ளை இன்டர்நெட்டில் தேடி 'ஐ ஷல் பி எவர் கிரேட்ஃபுல்' என்று முடித்துக் கொடுக்கும். எழுதினால் யாரும் தப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வாக்கியம், 'நீங்கள் கொடுக்காமலும் இருக்கலாம்' என்று எதிராளியிடம் நாமே எடுத்துக்கொடுப்பது போல ஆகிவிடுகிறது. 'மை கிராஜுவிட்டி இஸ் டியூ, பிளீஸ் ரிலீஸ் இட்' என்று எழுதலாம். 'பிளீஸ்' இருக்கிறது, மரியாதை போய்விடவில்லை. 'டியூ' இருக்கிறது, உரிமையும் போகவில்லை. பணம் தொடர்பான கடிதத்தில் தேதியும் சர்வீஸ் வருடமும் பேச வேண்டும். மற்றதெல்லாம் இடத்தை அடைப்பதுதான்.

அந்தப் பிள்ளையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சட்டத்தோடு வந்த மத்திய விதிகளில், ஊழியர் கிராஜுவிட்டி கேட்டு விண்ணப்பிக்க 'ஃபார்ம் ஐ' என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அதன் முதல் வாக்கியம் 'ஐ பெக் டு அப்ளை' என்று தொடங்கும். 1912-ல் ராமானுஜன் போர்ட் டிரஸ்டுக்கு எழுதிய அதே சொற்கள், அறுபது வருடம் கழித்து, சுதந்திர இந்தியாவின் தொழிலாளர் படிவத்தில்! அதே வாக்கியத்திலேயே 'என்டைட்டில்டு' என்றும் இருக்கும். எனக்கு உரிமையுள்ள பணத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரே மூச்சில்.

வீட்டுக்குள் வேறு மொழி

இவ்வளவும் காகிதத்துக்குத்தான். காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் ஏற்றிவிட்ட பையனிடம் போய் யாரும் 'நன்றி' என்று சொல்வதில்லை. 'நல்லா இருப்பா' என்பார்கள். அவன் திருப்பி, 'இன்னாத்துக்கு ஆயா அதெல்லாம்' என்பான். திருக்குறளின் 11-வது அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அந்தப் பெயரில் 'நன்றி' என்பது சொல்லும் வார்த்தை இல்லை, செய்த நன்மை. அதை மறக்காமல் மனதில் வைத்திருப்பதுதான் 'அறிதல்'. அதனால்தானோ என்னவோ, தமிழில் 'நன்றியுள்ள' என்ற சொல்லைத் தினசரிப் பேச்சில் பெரும்பாலும் நாய்க்குத்தான் கொடுத்திருக்கிறோம்.

ஆபீஸ் மெயிலில் ஒருவர் தன் வேலைக்கு வெளியே மெனக்கெட்டு உங்களுக்கு ஒன்று செய்துகொடுத்தால், 'ஐ ஆம் கிரேட்ஃபுல் டு யூ ஃபார் திஸ்' என்று ஒரு வரி போடுங்கள். இனிமேல்தான் செய்யப்போகிறார் என்றால், 'ஐ உட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்...' என்று தொடங்குங்கள். 'வில்' வேண்டாம், 'உட்' போதும். 'மச் ஒப்ளைஜ்ட்' என்பதும் நன்றிதான், கொஞ்சம் பழைய சட்டை போட்ட நன்றி. அதே ஒப்ளைஜ்டுக்குப் பின்னால் 'டு பே' என்று வந்தால் பொருள் தலைகீழாக மாறிவிடும். அப்போது நீங்கள் பணம் கட்டியே ஆக வேண்டியவர்!

அடுத்த வாரச் சொல்: சாரி.